28 கி.மீ. தாண்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது: உப்புக் குறைவா, பயிற்சிக் குறைவா?

கடலோர ஓட்டம்:
வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் சென்னை மாரத்தான், முழு தூரம். இலக்கு 4:15, அதாவது கி.மீ.க்கு 6 நிமிடத்துக்குச் சற்று மேல். வாரம் 45 கி.மீ. ஓடுகிறேன். ஞாயிறு நீண்ட ஓட்டம் 6:45 வேகத்தில் 30 வரை சிக்கலில்லாமல் போகிறது. ஆனால் பந்தய வேகத்தில் ஓடினால் 28ஐத் தாண்டியதும் இடது கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்து, பிறகு இறுகிக்கொள்கிறது. சமீபத்தில்தான் 10 மி.மீ. டிராப் (குதிகால் பகுதி விரல் பகுதியைவிட உயர்ந்திருக்கும் அளவு) ஷூவிலிருந்து 4 மி.மீ.க்கு மாறினேன். வாழைப்பழம், இளநீர், மெக்னீசியம் மாத்திரை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பிடித்த இடத்தில் என்ன செய்வது? வராமலிருக்க என்ன செய்வது?

பாதையோரம்:
பிடித்த உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

நின்றுவிடுங்கள். இறுகிய சதையோடு இழுத்து இழுத்து ஓடினால் சதைநார் கிழியலாம். ஏதாவது கம்பத்தையோ தடுப்பையோ பிடித்துக்கொண்டு, பிடித்த காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நேராக்கி, குதிகாலைத் தரையில் முழுக்கப் பதித்து, இடுப்பை முன்னால் கொண்டுபோங்கள். 20 முதல் 30 விநாடி அப்படியே நிற்க வேண்டும், குலுக்கக் கூடாது. அதே நேரம் ஷூவுக்குள் கால்விரல்களை மேல்நோக்கி இழுங்கள். முன்கால் சதை வேலை செய்யும்போது அதற்கு எதிரே இருக்கும் கெண்டைக்கால் சதையைத் தளரவிடும்படி தண்டுவடமே கட்டளை கொடுக்கும். விட்டதும் முழங்காலைச் சற்று மடக்கி இன்னொரு 20 விநாடி. இது உள்ளே இருக்கும் ஆழ்சதைக்கு.

பிறகு இரண்டு மூன்று நிமிடம் நடை. திரும்ப ஓடும்போது அடியைச் சுருக்கி, கி.மீ.க்கு 30 விநாடி மெதுவாக. சதை விட்டதும் பழைய வேகத்துக்கே போகிறவர்களுக்குத்தான் அடுத்த அரை கி.மீ.க்குள் மறுபடி பிடிக்கிறது.

தரையில் உட்கார்ந்து காலை மடக்காதீர்கள். முழங்கால் மடங்கினால் தொடையின் பின்சதை சுருங்கிய நிலைக்குப் போய் அதுவும் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரே அடித்தால் தோல் மரத்துப்போகும், அவ்வளவுதான். முரட்டுத்தனமாகப் பிசைவதும் வேண்டாம்.

நீங்கள் சொன்ன அந்தத் துடிப்பு முக்கியம். அது முன்னறிவிப்பு. துடிப்பு தெரிந்த உடனே ஒரு நிமிடம் நடந்து, 20 விநாடி நீட்டிவிட்டுப் போனால் பல நேரம் முழுப் பிடிப்பு வராமலே தப்பிக்கலாம்.

தசையும் நரம்பும்:
உங்கள் விவரத்திலேயே பதில் இருக்கிறது. 6:45 வேகத்தில் 30 கி.மீ. ஓடினால் பிடிக்கவில்லை, பந்தய வேகத்தில் 28லேயே பிடிக்கிறது. மெதுவாக ஓடிய நாளில் நேரம் கூட, மொத்த வியர்வையும் குறைந்திருக்க வாய்ப்பில்லை. அன்று பிடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் உப்பின் மேல் விழக் கூடாது, சதையின் களைப்பின் மேல் விழ வேண்டும்.

சதைக்குள் நீளத்தை உணரும் கதிர் போன்ற அமைப்பு ஒன்று உண்டு, அது "சுருங்கு" என்று தூண்டும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இழுவையை உணரும் அமைப்பு "போதும், விடு" என்று அடக்கும். சதை களைக்கும்போது தூண்டுதல் கூடி, அடக்குதல் குறைகிறது. இதை 1997இல் தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் ஷ்வெல்நஸ் முன்வைத்தார். பாதையோரம் சொன்ன நீட்டல் விநாடிகளில் வேலை செய்வதற்கும் இதுதான் காரணம்: நாண் இழுபடும்போது அந்த அடக்கும் சமிக்ஞை திரும்புகிறது. உடம்பில் உப்பு ஒரு துளிகூடக் கூடாமலே பிடிப்பு விடுகிறது. ஸ்பெயினின் வலென்சியா மாரத்தானில் ஓடியவர்களைச் சோதித்த ஆய்விலும், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நீரிழப்பிலோ ரத்த உப்புகளிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தசைச் சேதத்தைக் காட்டும் அளவுகள் பிடிப்பு வந்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தவர்கள் அவர்களில் குறைவு.

ஆகவே வேலை மூன்று இடத்தில்.

ஷூ: டிராப் 6 மி.மீ. குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் குதிகால் அவ்வளவு கீழே இறங்குகிறது. குதிநாணும் கெண்டைக்காலும் அதிகம் நீண்டு அதிகம் சுமக்கின்றன. முழு மாரத்தானில் ஒரு காலுக்கே ஏறக்குறைய 20,000 அடி. புது ஷூவை வாரம் ஒரு குட்டை ஓட்டத்தில் மட்டும் போட்டு, 8 வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். பந்தயத்துக்கு அதைவிடக் குறைவான வாரங்களே இருந்தால் பழைய 10 மி.மீ.யிலேயே ஓடுங்கள். இதில் தயங்க வேண்டாம்.

வலு: படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி, மூன்று விநாடி எடுத்து இறக்குங்கள். முழங்கால் நேராக 15, மடக்கி 15, இப்படி 3 சுற்று, வாரம் இருமுறை. நிற்காமல் 25 முறை நேர்க்காலில் ஏற முடியும் வரை எடை சேர்க்க வேண்டாம். அதன்பிறகு முதுகுப்பையில் 5 கிலோ. இடது காலில் எண்ணிக்கை வலதைவிடக் குறைந்தால், ஒரே பக்கம் பிடிப்பதற்கான காரணம் கையில் கிடைத்துவிட்டது. பந்தயத்துக்கு 10 நாள் முன் நிறுத்திவிடுங்கள்.

வேகம்: பந்தய வேகத்தில் நீண்ட ஓட்டமே ஓடாமல் பந்தயத்தில் மட்டும் அதை எதிர்பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 28 கி.மீ. ஓட்டத்தின் கடைசி 8 கி.மீ.யை 6:05இல் ஓடுங்கள், பிறகு 10, 12 என்று. பந்தயத்தில் முதல் 10 கி.மீ. 6:15ஐவிட வேகம் வேண்டாம்.

உப்புக்கணக்கு:
தசையும் நரம்பும் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் சென்னைக் காற்றில் உப்பை முழுசாக ஒதுக்க முடியாது. ஜனவரி விடியற்காலை குளிர்ந்தாலும் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் ஒழுகி வீணாகிறது. உப்புக் குறைவால் வரும் பிடிப்பு தோற்றத்திலேயே வேறு. ஒரே சதையில் நிற்காது, தொடை, வயிறு, கை என்று பரவும், இடம் மாறும். பனியனில் வெள்ளைத் திட்டு, கண் எரிச்சல், ஓடி முடித்து ஓரிரு மணி நேரம் கழித்தும் துடிப்பு.

ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். ஓடுமுன் ஆடையின்றி எடை, பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடி, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி எடை. 68.0 கிலோ 66.9 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.4 லிட்டர். அவ்வளவையும் குடிக்க முயலாதீர்கள், வயிறு ஏற்காது. மணிக்கு 500–700 மி.லி. போதும். ஓட்ட முடிவில் எடை கூடியிருந்தால் அது ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடித்து ரத்தச் சோடியம் குறைவது உயிருக்கே உலை வைக்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கு இந்தக் குறைவு இருந்தது.

வியர்வையில் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும், லிட்டருக்கு ஏறக்குறைய 500 முதல் 1,800 மி.கி. வரை. வீட்டிலேயே கலக்க: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு (சுமார் 3 கிராம், அதில் சோடியம் 1,200 மி.கி.க்குச் சற்றுக் கீழே), சர்க்கரை 50 கிராம், அரை எலுமிச்சை. கல் உப்பை ஸ்பூனில் அளந்தால் கணக்கு தப்பும், எடை போடுங்கள்.

மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (லிட்டருக்கு 20.5 கிராம்) சோடியத்துக்கு நல்லது, ஆனால் அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஓடும் சக்திக்குப் போதாது, ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல் தனியாக வேண்டும். மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்தபின் உப்புப் போட்ட சாப்பாட்டோடு குடிக்க அருமையானது, ஓட்டத்தின் நடுவில் அதை மட்டும் நம்பக் கூடாது. வாழைப்பழமும் அப்படித்தான். சக்திக்காகச் சாப்பிடுங்கள், பிடிப்புக்கு மருந்தாக அல்ல.

கடலோர ஓட்டம்:
மிக்க நன்றி. பிடிப்பு எப்போதும் இடது கெண்டைக்காலில் மட்டும்தான், பரவுவதில்லை. இன்னும் இரண்டு கேள்வி. ஊறுகாய்த் தண்ணீர் குடித்தால் உடனே விடும் என்கிறார்களே, உண்மையா? ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் வகை மாத்திரை தினமும் எடுக்கிறேன், அது தொடர்புடையதா?

தசையும் நரம்பும்:
இரண்டாவது கேள்வியை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். நீர் பிரிக்கும் மாத்திரை சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் குறைக்கக்கூடியது. பிடிப்பு அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரைகளும் சதைவலி கொடுக்கலாம். தானாக நிறுத்தாதீர்கள். மாரத்தான் ஓடுவதைச் சொல்லி, ரத்தத்தில் இந்த உப்புகளையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மேலே உள்ள உப்புக் கரைசலையும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மெக்னீசியம் மாத்திரையும் அந்த முடிவில் குறைவு தெரிந்தால் மட்டும்.

ஊறுகாய்த் தண்ணீர் பற்றி 2010இல் அமெரிக்காவில் மில்லர் குழு சோதித்தது. மின்தூண்டலால் பாதத்தில் பிடிப்பை வரவழைத்து, உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.லி. கொடுத்தார்கள். தண்ணீர் குடித்தபோது சுமார் 134 விநாடி நீடித்த பிடிப்பு, இதில் 85 விநாடியில் விட்டது. அந்த நேரத்தில் உப்பு குடலிலிருந்து ரத்தத்துக்கே வந்திருக்காது. தொண்டையில் படும் புளிப்பு நரம்பு வழியாகப் பிடிப்பை அடக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். கவனிக்க: அது வெள்ளரியை வினிகரில் ஊறவைத்த நீர். நம் ஊர் எண்ணெய் மாங்காய் ஊறுகாய் அல்ல, மிளகாயும் எண்ணெயும் 30ஆவது கி.மீ.யில் வயிற்றைக் கெடுக்கும். வினிகர் நீர் 60–70 மி.லி. சிறு புட்டியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நீண்ட பயிற்சி ஓட்டத்தில் முன்பே குடித்துப் பாருங்கள். உங்கள் மருந்தோடு அந்த உப்பும் கணக்கில் சேரும்.

பாதையோரம்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிடிப்பு விட்டபின் ஓரிரு நாள் சதை கன்றியது போல வலிப்பது இயல்பு. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, ஓய்விலும் வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். ஓடும்போது "டப்" என்று அடித்தது போலிருந்தால் சதை கிழிந்திருக்கும், அப்போது நீட்டவே கூடாது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை. பந்தய நாளில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீர் பிரிக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அது மிக மோசமான கூட்டு.