மொய் நோட்டில் பழனிச்சாமி, பழனிசாமி, பளனிச்சாமி: மூவரும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது?

மொய்க்கணக்கு:
ஊர் கீரமங்கலம் பக்கம். வரும் ஆவணியில் எங்கள் வீட்டு மொய் விருந்து. அப்பாவின் நோட்டுகள் மூன்றையும் எக்செல்லில் ஏற்றிவிட்டேன். இரண்டு வரவு நோட்டு, ஒன்று நாங்கள் செய்தது. மொத்தம் 1,140 வரி. யாருக்கு எவ்வளவு செய்தோம், எவ்வளவு திரும்பி வந்தது என்று ஆள்வாரியாகக் கூட்ட வேண்டும்.

நோட்டு எழுதியவர்கள் மூன்று பேர். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். தலைப்பில் சொன்ன பழனிச்சாமி ஒருவர்தான். சுப்ரமணியன், சுப்பிரமணியன் என்றும் ஒருவர் இருக்கிறார். எக்செல்லில் தேடி எடுக்கும் வீலுக்கப் போட்டால் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் பிடிக்கிறது. அப்புறம் பைத்தான் நிரலில் லெவன்ஸ்டைன் தூரம் (ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை குறியை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்ற கணக்கு) பார்த்து, 2 வரை இருந்தால் ஒரே ஆள் என்று வைத்தேன். பழனிச்சாமிகள் சேர்ந்தார்கள், சரி. கூடவே வேலுவும் வேணுவும் சேர்ந்துவிட்டார்கள். வேலு 500 செய்தவர். வேணு 5,000 செய்த தாய்மாமா. அச்செடுத்த தாளில் மாமா பெயரையே காணோம். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் போட்டால் சரியாகுமா?

எழுத்தெண்ணி:
ஆகாது. சவுண்டெக்ஸ் 1918-இல் ராபர்ட் ரஸ்ஸல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முறை, ஆங்கிலப் பெயர்களுக்கானது. முதல் எழுத்தை அப்படியே வைத்து, மற்ற மெய்களை ஆறு கூட்டமாக எண்ணில் அடைக்கும். பழனிசாமியை ஆங்கிலத்தில் 'எல்' போட்டு எழுதினால் பி452, 'இசட் எச்' போட்டு எழுதினால் பி252. ழகரத்தைக் கண்டாலே அதற்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

லெவன்ஸ்டைனில் தப்பு இல்லை, நீங்கள் எண்ணிய விதத்தில்தான் தப்பு. பைத்தானுக்கு 'வே' ஓர் எழுத்து அல்ல; வ ஒன்று, அதன் கொம்பு ஒன்று என இரண்டு குறி. தமிழுக்கென்றே இருக்கும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தைக் கொண்டு பெயரை எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள். பழனிச்சாமிக்கும் பழனிசாமிக்கும் ஆறு எழுத்தில் ஒன்று வித்தியாசம். வேலுவுக்கும் வேணுவுக்கும் இரண்டில் ஒன்று, அதாவது பாதிப் பெயரே வேறு. தூரத்தைப் பெயரின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள்.

பழைய புரூஃப்:
முப்பது வருடம் பிழை திருத்தியவன் சொல்கிறேன். காதால் கேட்டு எழுதுகிறவர் கண்டபடி தப்புவிட மாட்டார், குறிப்பிட்ட சில இடங்களில்தான் தடுமாறுவார். அந்த இடங்களை முதலில் சமப்படுத்துங்கள். ழ, ள இரண்டையும் ல ஆக்குங்கள். ற வந்தால் ர. ண, ந வந்தால் ன. ஜ, ஸ, ஷ எல்லாம் ச. இரட்டித்த மெய்யில் ஒன்றை எடுத்துவிடுங்கள். 'இராமன்' போன்றவற்றில் முன்னால் நிற்கும் இகரத்தையும் வெட்டுங்கள். உங்கள் மூன்று பழனிச்சாமியும் 'பலனிசாமி' ஆகிவிடுவார்கள், தூரமே பார்க்க வேண்டாம். வேலு வேலுவாகவும் வேணு 'வேனு'வாகவும் தனித்தனியே நிற்பார்கள். லகரத்தையும் ணகரத்தையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. சுப்பிரமணியனுக்கு மட்டும் ஓர் எழுத்து வித்தியாசம் மிஞ்சும். லெவன்ஸ்டைனை அங்கே வையுங்கள்.

வள்ளி, வல்லி இரண்டுமே 'வலி' ஆகும். ஒப்பிட மட்டும்தானே, அச்சில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொத்தமங்கலம் பொண்ணு:
அண்ணே, மொய் நோட்டில் ஊர்ப்பெயர் இருக்குமே! ஒரே ஊருக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து வேறாக இருந்தால் தொடவே வேண்டாம்.

ஆனால் ஊரிலும் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பட்டியலில் கொத்தமங்கலம் இரண்டு ஊராக வந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒன்றில் 'கொ'வின் குறி ஒரே குறியாக இருந்தது, இன்னொன்றில் 'கெ' அடித்துப் பின்னால் கால் போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் யூனிகோடு நார்மலைஸ் செய்து, ஒரே எழுத்தை எப்படி அடித்திருந்தாலும் ஒரே குறியாக்கிவிடுங்கள்; அதில் என்எஃப்சி என்ற வகை போதும்.

மொய்க்கணக்கு:
மூன்று பேர் சொன்னதையும் செய்தேன். முதலில் நார்மலைஸ், பிறகு ஊர், பிறகு புரூஃப் ஐயா சொன்ன மாற்றம், மிச்சத்துக்குத் தூரம். சந்தேகமாக 38 ஜோடிதான் நின்றது. அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். வேணு மாமா 5,000-த்துடன் தனி வரியில் வந்துவிட்டார்.

அம்மா சொன்ன இன்னொன்று: 'டீக்கடை ராசு'வும் 'மு. இராசேந்திர'னும் ஒரே ஆளாம். அதற்காகப் பட்டப்பெயருக்கென்று எக்செல்லில் தனியாக ஒரு நெடுவரிசை போட்டு, கையாலேயே நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.