பர்மாவிலேயே தங்கியவர்களைக் காட்டிய தமிழ்ப் படம் உண்டா?

யாங்கோன்வாசி:
நான் படங்களை ஆராய்ந்து பார்க்கிறவள் இல்லை. மின்சாரம் இருக்கும் நேரத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பேன், அவ்வளவுதான். அண்மையில் ‘பராசக்தி’ (1952) பார்த்தோம். எல்லோரும் சிவாஜியின் நீதிமன்றக் காட்சியைச் சொல்வார்கள். என் மனமோ அவருக்கு அண்ணனாக வரும் ஞானசேகரனிடமே நின்றுவிட்டது. ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுகிறது, குடும்பம் கிளம்புகிறது. வழியில் தொலைந்து, காலை இழந்து, பிச்சையெடுத்து, கடைசியில் பிச்சைக்காரர்களுக்கே ஒரு சங்கம் அமைக்கிறார் அவர். என்னைக் கேட்டால் கதாநாயகன் அவர்தான். 1942இல் எங்கள் பாட்டியின் உறவினர்கள் எல்லையிலுள்ள தாமு வழியாக இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். சிலரைப் பற்றி அதன்பின் செய்தியே இல்லை. அந்தப் பயணத்தைப் படம் இவ்வளவு விரைவாகத் தாண்டிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ‘மெய்யழகன்’ (2024). அம்மா அழுதுவிட்டார். தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர் அரவிந்த்சாமி. அவர் விட்டுப்போன சைக்கிளைக் கொண்டு பிழைத்து மேலே வந்தவர் கார்த்தி. போனவர் இவர் பெயரைக்கூட மறந்துவிட்டார், ஊரில் இருந்தவர் ஒன்றையும் மறக்கவில்லை. பர்மாக் கதைகளில் அப்படி ஒருவர் ஏன் இல்லை? கப்பல் ஏறியவரோடு கதையும் ஏறிப் போய்விடுகிறது. நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்!

பகோ தம்பி:
அக்கா, ‘ரங்கூன்’ (2017) பார்த்தீர்களா? பர்மாவிலிருந்து சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன், தங்கம் கடத்த ரங்கூனுக்கு வருகிறான். ராஜ்குமார் பெரியசாமி இயக்கியது. வடசென்னையில் நடக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ரங்கூனுக்கு வந்ததும் நம் ஊர் வெறும் கடத்தல் களமாகிவிட்டது. ஒரு தமிழ் வீட்டுக்குள்ளாவது நுழைந்திருக்கலாம்.

மௌலமைன் பெரியவர்:
அம்மா, நீங்கள் கேட்கும் படம் என் கண்ணில் பட்டதில்லை. எடுக்கவேண்டிய கதை ஒன்று சொல்கிறேன். 1964இல் நே வின்னின் இராணுவ அரசு கடைகளை அரசுடைமை ஆக்கியபின் நம் மக்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். தமிழ்நாட்டில் வாழ வழி தெரியாமல், சிலர் மணிப்பூர் வழியாக மறுபடியும் பர்மாவுக்கே நடந்து வந்தார்கள். எல்லையில் தடுத்துவிட்டார்கள். தாமுவுக்கு எதிரே, இந்தியப் பக்கத்திலுள்ள மோரேயில் அப்படியே குடியேறி, கோயிலும் கட்டிக்கொண்டார்கள். பர்மாவிலிருந்து போனவர்களை இந்தியாவில் ‘தாயகம் திரும்பியோர்’ என்றுதான் குறிப்பிட்டார்கள். திரும்பிப் போனவர்களுக்கு எது தாயகமாகப் பட்டது என்று அந்த நடையே சொல்கிறதல்லவா? சண்டைக் காட்சி, கடத்தல் எதுவும் வேண்டாம். அந்தக் குடும்பங்களில் ஒன்றையும், இங்கே அவர்களுக்காகக் காத்திருந்த ஒரு வீட்டையும் மாறி மாறிக் காட்டினால் போதும்.

யாங்கோன்வாசி:
ஐயா, படித்ததும் அம்மாவிடம் சொன்னேன். 1964இல் கிளம்பிப் போன பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை. தம்பி, ‘ரங்கூன்’ இந்த வாரமே பார்த்துவிடுகிறேன். யாரும் படம் எடுக்கும்வரை காத்திருக்காமல், அம்மா சொல்வதை என் கைபேசியில் பதிவு செய்யப்போகிறேன். மௌலமைனில் அந்தக் காலத்தை நேரில் கண்ட வேறு பெரியவர்கள் பேசச் சம்மதிப்பார்களா, ஐயா?