ஆட்டம் நெட்புக்கில் ஜென்டூ: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்', யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஆட்டம் என்270 நெட்புக் ஒன்று சும்மா கிடக்கிறது. 1.6 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி ரேம், 32 பிட் மட்டும். அதில் ஜென்டூ, அதாவது மென்பொருளை மூலநிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்ளும் லினக்ஸ், போட ஆசை (ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று வீட்டில் கேட்டாயிற்று). ஜிசிசி கம்பைலரை அதிலேயே கம்பைல் பண்ண விட்டேன். ராத்திரி முழுக்க ஓடியும் முடியவில்லை, அடியில் தொட்டால் தோசைக்கல்.

அதனால் ரைசன் டெஸ்க்டாப்பில் 32 பிட் ஸ்டேஜ்3-ஐ (ஜென்டூவின் அடிப்படைக் கோப்புத் தொகுப்பு) ஒரு ஃபோல்டரில் விரித்து, 32 பிட் கணினி போலக் காட்ட லினக்ஸ்32 கொடுத்து, க்ரூட்டுக்குள் (அந்த ஃபோல்டரையே தனி சிஸ்டமாக நடத்தும் முறை) போய், எல்லாவற்றையும் பைனரி பேக்கேஜாகக் கட்டி நெட்புக்கில் நிறுவினேன்.

எந்த சிபியுவுக்குக் கட்டுவது என்று சொல்லும் ஃப்ளாகை முதலில் மார்ச் = நேட்டிவ் (கட்டும் கணினிக்கே ஏற்றபடி) என்றே விட்டது என் தப்புதான். ஜிசிசி ரைசனைப் பார்த்து, ஆட்டமுக்குத் தெரியாத ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் போட்டுவிட்டது. பிறகு ஆட்டமுக்கான 'பானெல்' என்று மாற்றி மீண்டும் கட்டினேன். இப்போது லாகின் ஆகிறது, விம் திறக்கிறது. பைத்தான் மட்டும் தொட்டதுமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' (சிபியுவுக்குத் தெரியாத கட்டளை) என்று விழுகிறது. பேக்கேஜ் நிறுவும் எமெர்ஜ் கட்டளையே பைத்தானில்தான் ஓடுகிறது என்பதால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது.

பழைய ஃப்ளாகில் கட்டிய பேக்கேஜ் ஏதோ கலந்துவிட்டது என்று சந்தேகம். ஃப்ளாக் மாறினால் போர்டேஜ் (ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளர்) தானாக மறுபடி கட்டாதே. நிறுவிய ஒவ்வொரு பேக்கேஜுக்கும், எந்த ஃப்ளாகில் கட்டியது என்று சொல்லும் சிஃப்ளாக்ஸ் கோப்பு இருக்கிறது. அதில் 'நேட்டிவ்' என்று கிரெப் செய்து தேடினால் போதுமா? இல்லை, ஃப்ளாகை மதிக்காமல் கட்டும் கணினியின் சிபியுவைத் தானே பார்த்துக்கொள்ளும் பேக்கேஜ்களும் உண்டா?

டிஸ்கைக் கழற்றி ரைசனில் மாட்டி க்ரூட் செய்து சரிசெய்யலாமா? அந்தச் சின்ன ஸ்க்ரூக்களை மறுபடி கழற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்.