சீனரும் மெக்சிகரும்: உறவா, பகையா?

நிலவறை:
1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் வரத் தடை போட்டது. பலர் மெக்சிகோவுக்குப் போய் அங்கேயே தங்கினார்கள். 1930களில் அதே அமெரிக்கா மெக்சிகர்களை ரயிலேற்றி அனுப்பியது. அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். துரத்தியது ஒரே கைதான். இரண்டு மக்களுக்கும் இடையே இருந்த உறவை நாம் பேசுவதே இல்லை.

கரிசல்:
வட மெக்சிகோவின் டொரியோன் நகரை விட்டுவிட்டீர்களே நண்பரே! 1911 மே மாதம் மெக்சிகப் புரட்சிப் படை அந்த ஊருக்குள் நுழைந்தபோது சுமார் 300 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். படையோடு ஊர்ச் சனமும் சேர்ந்து கடைகளைச் சூறையாடியது. 1923-இல் சொனோரா மாநிலம், சீனரை மெக்சிகப் பெண்கள் மணக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. அடிபட்டவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

நிலவறை:
கொலையை நான் மறைக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? கல்யாணங்கள் நடந்துகொண்டிருந்தன, அதனால்தான். 1931 வாக்கில் சொனோரா சீனர்களை விரட்டியபோது, மனைவிமார் பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே சீனாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

தேன்மொழி:
போன பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள் அண்ணா. சீனரை மணந்ததாலேயே அந்தப் பெண்களுக்குக் குடியுரிமை போயிற்று. சீனாவில் கணவர் ஊருக்குப் போய்ப் பார்த்தால் சிலருடைய கணவருக்கு அங்கே முதல் மனைவி இருந்தாள். கைக்குழந்தையோடு, சீனக் கரையில் அப்போது போர்த்துகீசியர் ஆண்ட மக்காவ் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். 1937-இல் மெக்சிகோ அதிபர் கார்தெனாஸ் காலத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் திரும்ப அழைத்தார்கள், சரி. கணவர்களுக்கு இடமில்லை என்றார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலர் ஊர் திரும்ப 1960 ஆனது.

கரிசல்:
இதைத்தான் சொல்கிறேன். டொரியோனுக்காக மெக்சிகோ ஒப்புக்கொண்ட 31 லட்சம் பெசோ நஷ்டஈடு கடைசிவரை கொடுக்கப்படவில்லை. அதிபர் மன்னிப்புக் கேட்டதே 2021-இல்தான்.

நிலவறை:
அமெரிக்க எல்லையோரத்து மெக்சிக நகரான மெக்சிகாலியையும் பாருங்கள். கோடை வெயில் தாங்காமல் சீனர்கள் தரைக்கடியில் அறை கட்டிக் குடியிருந்த ஊர். இன்றும் அங்குள்ள சீனச் சாப்பாட்டுக் கடைகளில் மஞ்சள் மிளகாயை வதக்கி, சோயாவும் எலுமிச்சையும் ஊற்றி வைக்கிறார்கள். அது சீனத்து ருசியும் இல்லை, தனி மெக்சிகத்து ருசியும் இல்லை.

கரிசல்:
டொரியோன்காரர்களும் சீனர் தோட்டத்துக் காய்கறியைத்தான் சாப்பிட்டார்கள். அந்தத் தோட்டக்காரர்களைத்தான் முதலில் கொன்றார்கள்.

நிலவறை:
உண்மைதான். அதே டொரியோனில் சீனர்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றிய மெக்சிகர்களும் இருந்தார்கள். அவர்களையும் கணக்கில் சேருங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.