புதுப்பிப்பு: எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் மானுக்கு .30-06 தோட்டா, அதில் 180 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு என்று முன்பு எழுதியிருந்தேன். தேர்வில் மாற்றமில்லை. ஆனால் மூன்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன.

இதைவிடச் சிறிய 6.5 கிரீட்மோர் தோட்டா போதுமா? சட்டப்படி போதும்: அம்மாநிலத்தில் எல்க்குக்குக் குறைந்தது .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), 85 கிரெய்ன், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு தாக்கு ஆற்றல், பட்டதும் விரியும் குண்டு. 143 கிரெய்ன் குண்டு இதை எளிதில் தாண்டும். ஆனால் 300 கஜத்துக்குள், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் சுடுங்கள். சாய்ந்து நின்றால் தோள் எலும்பைத் துளைத்து நுரையீரலை எட்ட கனமான குண்டே நம்பகமானது.

செம்புக் குண்டா? 180-க்குப் பதில் 165 எடுக்கலாம். எடை சிதறாது, ஆழமாகப் போகும். சிக்கல் வேகத்தில்தான். பல செம்புக் குண்டுகள் விநாடிக்கு ஏறத்தாழ 2,000 அடிக்குக் கீழே சரியாக விரியாது, ஊசிபோல ஊடுருவிப் போய்விடும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்து உங்கள் தூர எல்லையை வையுங்கள்.

தோட்டாவை மாற்றினால் ஸ்கோப்பை மறுபடி 200 கஜத்துக்குச் சரிசெய்யுங்கள். அப்படிச் சரிசெய்தால் பழைய 180 குண்டு 300 கஜத்தில் குறியிலிருந்து சுமார் 8 அங்குலம் கீழே இறங்கும். புதியதற்கு அதே கணக்கு பொருந்தாது.

இன்னும் வலிமையான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா? சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதைக்குப் பயந்து கண்மூடிச் சுடுபவர் கையில் அது வீண்.