பற்றரியின் நேர்முனை புவியுடன்: இது அச்சுப்பிழையா? (பழைய தொலைபேசிப் பயிற்சிக் கையேடுகள்)

கல்லடி வாசகி எழுதியது:

தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்து காலமான என் பெரியப்பாவின் றங்குப் பெட்டியைச் சென்ற வாரம் திறந்தபோது, தொலைபேசி ஊழியர்களுக்கு மின்னியல் கற்பிப்பதற்காக ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட ஒன்பது பயிற்சிக் கையேடுகள் கிடைத்தன. பழைய பேப்பர் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. எனக்கு மனம் வரவில்லை. உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானம் கற்கும் என் அண்ணனின் மகனுக்கு இவை உதவக்கூடும் என்று நினைத்து அவனிடம் கொடுத்தேன்.

அவன் இரண்டு இடங்களில் நின்றுவிட்டான். எக்ஸ்சேஞ்சின் 50 வோல்ற்று பற்றரியை வரைந்துள்ள எல்லாப் படங்களிலும் நேர்முனையே புவியுடன் தொடுக்கப்பட்டுள்ளது. மோட்டார் வாகனத்தில் மறைமுனைதானே உடலுடன் இணைக்கப்படுகிறது, ஆகவே இது அச்சுப்பிழை என்பது அவனுடைய வாதம். அடுத்தது, கேபிள் வழுவைக் கண்டுபிடிப்பது பற்றிய அத்தியாயத்தின் ஓரத்தில் பெரியப்பா பென்சிலால் "6½ lb, 3.2, 700/300" என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடு இட்டிருக்கிறார். அது எதைக் குறிக்கிறது? இக்கையேடுகளை இன்று நம்பிப் படிக்கலாமா என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கல்முனை ஓய்வூதியர் எழுதியது:

மகள், முதலில் அந்தப் பெட்டியைப் பேப்பர்க்காரரின் கண்ணில் படாமல் உள்ளே எடுத்து வையுங்கள். 1991 இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறிய காலத்தில் நானும் சேவையில் இருந்தவன்; இத்தகைய கையேடுகளில்தான் நாங்கள் மின்னியல் கற்றோம்.

அது அச்சுப்பிழை அன்று. நேர்முனையைப் புவியுடன் தொடுத்துவிட்டால், வெளியே செல்லும் கம்பிகளில் எதுவும் நிலத்தைவிட உயர்ந்த மின்னழுத்தத்தில் இராது; ஒன்று றிலே எனும் மின்காந்த ஆளியின் சுருளினூடாகப் புவியுடனும் மற்றையது மறை 50 வோல்ற்றுடனும் இணைந்திருக்கும். கேபிளின் உறை எங்காவது கிழிந்து ஈரம் புகுந்தால், கசியும் மின்னோட்டம் நிலத்திலிருந்து கம்பிக்குள் வருமேயன்றிக் கம்பியிலிருந்து நிலத்துக்குள் போகாது. ஓட்டம் வெளியேறும் உலோகமே கரையும் என்பதால் செப்புக் கம்பி தப்பிக்கொள்கிறது. அப்படியானால் எக்ஸ்சேஞ்சின் புவித்தகடு கரையாதா என்று உங்கள் மருமகன் கேட்பார். கரையும்தான். ஆனால் அது தடித்தது, எங்கே புதைத்தோம் என்பது தெரியும், தேய்ந்தால் மாற்றலாம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் உங்கள் ஊர் மண்ணில் உப்பு எவ்வளவு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. விநியோகப் பெட்டியைத் திறந்தால் முடிவிடங்களில் பச்சைத் தூள் பூத்திருப்பதைப் பலமுறை பல்துலக்கும் பிரஷ்ஷினால் தட்டித் துடைத்திருக்கிறேன்.

பென்சில் குறிப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் என் புத்தகத்திலும் இப்படியே கிறுக்கி வைத்திருக்கிறேன். 6½ lb, அதாவது ஆறரை இறாத்தல், என்பது ஒரு மைல் நீளக் கம்பியின் நிறை. இன்றைய கணக்கில் 0.5 மில்லிமீற்றர் கம்பி. 3.2 என்பது மைலில் கேபிளின் நீளம். 700/300 என்பது மரே வளையச் சோதனையின் விகிதம். தடையை அளக்கும் சுற்றாகிய வீட்ஸ்டன் பாலத்தின் ஒரு வகைதான் அது: புவியுடன் தொட்டுவிட்ட கம்பியையும் அதனோடு செல்லும் நல்ல கம்பியையும் மறுமுனையில் ஒன்றாக முறுக்கிவிட்டு, பாலத்தின் இரு தடைக் கைகளையும் மாற்றி மாற்றி மானியின் முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல கம்பியின் பக்கத்துக் கை 700 ஆகவும் வழுவான கம்பியின் பக்கத்துக் கை 300 ஆகவும் இருந்தால், போய்வரும் மொத்த நீளமாகிய 6.4 மைலை 300 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். விடை 1.92 மைல், ஏறத்தாழ 3.1 கிலோமீற்றர். சோதித்த இடத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் வழு இருக்கிறது. அதற்கு அண்மையில் உள்ள கேபிள் இணைப்பைத் தோண்டினால் போதும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 6½ lb கம்பிக்கு ஒரு மைல் வளையத்துக்கு, அதாவது போகும் கம்பிக்கும் வரும் கம்பிக்கும் சேர்த்து, 270 ஓம் என்று சொல்வது 20 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்துக்குப் பொருந்தும். செப்பின் தடை பாகைக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுவதால், நம் 30 பாகையில் 4 சதவீதம் அதிகமாக இருக்கும். மரே சோதனையில் இரு கம்பிகளும் ஒன்றாகச் சூடாவதால் விகிதம் மாறாது; ஓம் கணக்கில் தூரம் பார்க்கும் சோதனைகளில் இந்த 4 சதவீதம் ஆளை ஏமாற்றிவிடும்.

அக்கரைப்பற்று பௌதிகவியல் ஆசிரியர் எழுதியது:

சகோதரி, ஐயா அவர்கள் கூறிய கரைதலை உங்கள் மருமகன் பரடேயின் விதியைக் கொண்டு தானே கணித்துப் பார்க்கலாம். ஓர் அம்பியர் ஓட்டம் ஒரு மணித்தியாலம் பாய்ந்தால் 1.19 கிராம் செப்பு கரையும். கசிவு ஒரு மில்லியம்பியர் மட்டுமே என்று கொண்டாலும், ஓர் ஆண்டின் 8760 மணித்தியாலங்களில் 10 கிராமுக்குச் சற்று அதிகமாகிறது. 0.5 மில்லிமீற்றர் கம்பியில் ஒரு மீற்றரின் நிறை ஏறத்தாழ 1.76 கிராம், ஆகவே ஓர் ஆண்டில் 6 மீற்றர் கம்பிக்குச் சமமான செப்பு போய்விடும். உறையில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்து அந்தக் கரைதல் முழுவதும் அங்கேயே குவிந்தால், ஆண்டுக்கணக்கெல்லாம் தேவையில்லை, சில நாள்களிலேயே கம்பி அறுந்துவிடும். பரீட்சை வினாவாகக் கொடுக்கத்தக்க கணக்கு இது. அடுத்த தவணையில் கொடுக்கப்போகிறேன்.

ஆயினும் ஐயா அவர்களைப் போல நான் இக்கையேடுகளை முழுமையாகப் புகழ மாட்டேன். சொற்களும் அலகுகளும் மாணவரைக் குழப்பும். அதிர்வெண்ணுக்கு ஹேர்ட்சு 1960 இல் அனைத்துலக அலகானது. அதற்கு முந்தைய நூல்களில் செக்கனுக்கு இத்தனை சைக்கிள் என்றிருக்கும். பிக்கோபரட்டை மைக்ரோ மைக்ரோபரட்டு என்றும், நாம் கொள்ளளவி என்பதைக் கண்டென்சர் என்றும் எழுதியிருப்பார்கள். கடத்தல் திறனுக்கு ஓமைத் திருப்பி எழுதி மோ என்று ஓர் அலகு வைத்திருந்தார்கள். 1971 இல் சீமென்சு வந்து அந்த வேடிக்கையை முடித்துவைத்தது. இவற்றை ஒரு தாளில் எழுதி முன்னட்டையில் ஒட்டிக் கொடுத்தால் மாணவர் தடுமாற மாட்டார்.

பாதுகாப்பு அத்தியாயங்களை மட்டும் அவர் நம்பக் கூடாது. தொடுகைகளைத் துடைக்கக் காபன் தெற்றாகுளோரைட்டைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய நூல்கள் உண்டு. அதன் ஆவி ஈரலைக் கெடுப்பது. ஈய உறை கேபிளை ஈயப்பற்று உருக்கி மூட்டும் முறையையும் வீட்டில் முயலக் கூடாது.

கல்முனை ஓய்வூதியர் எழுதியது:

ஆசிரியர் சொல்வது சரி. நாங்கள் அந்தத் திரவத்தைத் துணியில் நனைத்து, கதவைச் சாத்திக்கொண்டு துடைத்தவர்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்று: பற்றரியின் 50 வோல்ற்று காய்ந்த கையில் பெரிதாகத் தெரியாது, ஆனால் மணி அடிக்க அக்காலத்தில் அனுப்பிய ஓட்டம் 75 வோல்ற்று, செக்கனுக்கு 17 சைக்கிள். கம்பத்தில் தொங்கிக்கொண்டு வயரின் உறையைப் பல்லால் உரிக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு இருந்தது. அந்த நேரம் பார்த்து அந்த இலக்கத்துக்கு யாராவது அழைப்பெடுத்தால் என்னவாகும் என்பதை எந்தக் கையேடும் எழுதவில்லை. எனக்கு இரண்டு முறை தெரியவந்தது.

ஆரையம்பதி நூலகர் எழுதியது:

மின்னியல் எனக்குத் தெரியாது. தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஈரமாக இருந்தாலும் வெயிலில் காயவைக்காதீர்கள். நிழலில், மின்விசிறிக்கு எதிரே, பக்கங்களை விரித்து நிறுத்திவையுங்கள். இறப்பர் பட்டியும் செலோரேப்பும் வேண்டாம். துருப்பிடித்த ஸ்ரேப்பிள்களைக் கத்தி நுனியால் நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் தையுங்கள். பென்சில் குறிப்புள்ள பக்கங்களை முதலில் படமெடுத்துவிடுங்கள், ஏனெனில் தூசி துடைக்கும்போது அழிபவை அவைதான்.

கல்லடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சுப்பிழை வாதத்தை மருமகன் கைவிட்டுவிட்டான். 10 கிராம் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தபின்தான் இறங்கினான்.

நூலகர் கூறியபடி பக்கங்களைப் படமெடுத்தபோது, அடுத்த அத்தியாயத்தில் அதே கேபிளில் வேறொரு வழுவுக்கான குறிப்பு தெரிந்தது: "V, 1:1, L 901, R 211, 2.45". V என்பது அந்த அத்தியாயத்தில் வரும் வார்லி சோதனை என்று மருமகன் கண்டுபிடித்தான். பாலத்தின் கைகள் 1:1 ஆக இருப்பதால், வளையத் தடையாகிய L இலிருந்து, முள் சுழியத்துக்கு வரச் சேர்த்த தடையாகிய R ஐக் கழித்துப் பாதியாக்கினால் வழுவரை ஒரு கம்பியின் தடை 345 ஓம் என்று வருகிறது. அதை அட்டவணைப்படி ஒரு கம்பிக்கு மைலுக்கு 135 ஓமால் (270 இன் பாதி) வகுத்தபோது அவனுக்கு 2.56 மைல் கிடைத்தது, பெரியப்பாவின் 2.45 தவறு என்று உடனே பென்சிலை எடுத்துவிட்டான். நல்ல வேளையாக, ஐயா சொன்ன 4 சதவீதத்தை நினைவூட்டினேன். 3.2 மைலுக்கு அட்டவணைப்படி வளையத் தடை 864 ஓம். பெரியப்பா அளந்தது 901. அந்த 901 ஐ 6.4 ஆல் வகுத்து, வந்த 140.8 ஐக் கொண்டு மறுபடியும் கணித்தான். 2.45 தான் வந்தது. இரண்டு விடைகளுக்கும் இடையில் ஏறத்தாழ 170 மீற்றர்.

அவன் எழுதவிருந்த திருத்தத்தை எழுதவில்லை. மற்ற எட்டுப் புத்தகங்களின் ஓரங்களையும் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறான். பெட்டி அவனுடைய கட்டிலுக்கடியில் இருக்கிறது.