குவாண்டைசேஷன்: சொட்டாக்கமா, படியளவாக்கமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலின் படச் சுருக்கப் பகுதியில் குவாண்டைசேஷனுக்கு, அதாவது மதிப்புகளை ஒரு குறித்த அளவின் மடங்குகளாக்குவதற்கு, 'சொட்டாக்கம்' என்று இட்டிருக்கிறோம். அதை மாற்றலாம் என்பது என் வேண்டுகோள். சொட்டு என்றதும் இனிப் பிரிக்க முடியாத ஆற்றல் துளிதான் நினைவுக்கு வருகிறது. ஜேபெக் (JPEG) படக் கோப்பில் நடப்பது வேறு. 8×8 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் உருமாற்றம் 64 கெழுக்களாக்குகிறது, அதாவது கட்டத்தில் எந்த அலை வடிவம் எவ்வளவு என்று சொல்லும் எண்களாக்குகிறது. (1974இல் இந்த உருமாற்றத்தை வெளியிட்ட மூவரில் ஒருவரான நாசிர் அகமது பிறந்ததும் பொறியியல் படித்ததும் நம் பெங்களூரில்தான்.) பிறகு ஒவ்வொரு கெழுவையும் அட்டவணையில் அதற்குரிய எண்ணால் வகுத்து, கிட்டிய முழு எண்ணை மட்டும் எழுதி வைக்கிறோம். கெழு 130, அட்டவணை எண் 16 என்றால் 8.125, எழுதுவது 8. விரிக்கும்போது கிடைப்பது 128. அந்த 2 இனித் திரும்பாது. அட்டவணையில் 61 உள்ள இடத்தில் கெழு 25 என்றால் எழுதுவது 0, முழுவதும் போயிற்று.

இது படியால் அளக்கும் கணக்கு. படியோ, இங்கத்து அளவைகளான சேரோ பாவோ, எத்தனை என்று எண்ணி எழுதுகிறோம், உதிரி கணக்கில் வராது. அதனால் 'படியளவாக்கம்' என்கிறேன். அட்டவணை எண்ணுக்குப் 'படி' போதும். படி பெரிதானால் கோப்பு சிறுக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

—

வணக்கம் ஐயா.

படியளவாக்கம் எனக்கு உடன்பாடே. ஆனால் 'படி'யைத் தனியாக விட வேண்டாம். படங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் 'படியெடுத்தல்' நகலெடுப்பதையே குறிக்கும். 'படியளவு' என்றே எங்கும் எழுதுவோம். 40 படியளவு, 16 படியளவு என்றால் யாரும் மயங்க மாட்டார்கள்.

இதோடு சேர்த்து முடிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: பிளாக்கிங் ஆர்ட்டிஃபேக்ட், அதாவது சுருக்கிய படத்தில் கட்டங்களின் எல்லை கண்ணுக்குத் தெரிவது. 'கட்டப் பிழை' வேண்டாம், நிரலில் பிழை இருப்பதுபோல் ஒலிக்கிறது. இது படியளவாக்கம் விட்டுச்செல்லும் தடம், ஆகவே 'கட்டத்தடம்'. பெங்களூர்ச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவை வானத்தோடு எடுத்த படத்தை, 100 வரை போகும் ஜேபெக் தர அளவில் 20இல் சேமித்தால் தெரியும். வழக்கமான அட்டவணையின் முதல் எண் 16, அப்போது 40 ஆகிறது. முதல் கெழு கட்டத்துச் சராசரியின் 8 மடங்கு என்பதால், சராசரி வெளிச்சம் 5, 5 ஆகத் தாவும். சீராக மங்கும் வானம், 8 புள்ளிக்கு ஒருமுறை படிக்கட்டாகத் தெரியும்.

படத்திலுள்ள பொருள்களின் விளிம்பைக் கண்டுபிடிக்கும் விளிம்பறிதலில் இது எப்படி மாட்டுகிறது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். பக்கத்துப் புள்ளிகளின் வெளிச்ச வேறுபாட்டை அளக்கும் 3×3 சோபெல் வடிகட்டியில் ஒரு பக்கத்து எடைகள் 1, 2, 1, கூட்டினால் 4. எனவே 5 தாவல் 20 ஆகிறது. கேனி என்ற விளிம்பறி முறையில் மேல் வரம்பைத் தாண்டியது விளிம்பு, இரு வரம்புக்கும் இடைப்பட்டது அதைத் தொட்டிருந்தால் மட்டுமே விளிம்பு. கீழ் வரம்பு 15, மேல் வரம்பு 45 என்று வைத்தால், வானத்தில் தனித்து நிற்கும் கட்டத்தடம் நீங்கிவிடும். குவிமாடத்தின் வலுவான விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும் தப்பி, நூல் தொங்குவதுபோல் வெளிவரும். கீழ் வரம்பை முதல் படியளவின் பாதிக்கு, அதாவது இங்கே 20க்கு, மேலே வைத்தால் பெரும்பாலும் போய்விடும். முன்னதாகக் காஸ் மழுக்கல் செய்தாலும், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோடு சராசரியாக்கினாலும், குறையும். ஆனால் அது மெல்லிய சன்னல் கம்பிகளையும் சேர்த்து மழுக்குகிறது.

ஹிஸ்டெரிசிஸ் எனப்படும் இந்த இரட்டை வரம்புக்கு முன்பு வந்த 'தயக்கம்' என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. காந்தத் தயக்கத்தில் பழைய நிலை பிடித்துவைக்கிறது. இங்கே பிடித்துவைப்பது பக்கத்துப் புள்ளி. 'தொடர்வரம்பு' பொருந்தும்.

—

'படியளவு', 'கட்டத்தடம்' இரண்டும் சரி அம்மா. தொடர்வரம்பில் ஒரு ஐயம்: வரம்பு தொடர்கிறதா, விளிம்பு தொடர்கிறதா? விளிம்புதானே. 'தொடர்விளிம்புத் தேர்வு' என்றால் நீளம்தான், ஆனாலும் செயல் விளங்குகிறது. பட்டியலில் இரண்டையும் இடுகிறேன். எட்ஜுக்கு 'ஓரம்' என்று இரண்டு இடங்களில் விழுந்திருப்பதையும் திருத்துகிறேன். ஓரம் படத்துக்கு, விளிம்பு படத்துக்குள் உள்ள பொருளுக்கு.